ஒத்தை ஆளுக்கு ஒரு படம்

எனக்கு முன்னாடி பதினோரு பேர் நிக்கிறாய்ங்க. பதினோரு பேருன்னா பதினோரு தடவைன்னு இல்ல, ரெண்டு பேரா போவாய்ங்க, நாலு பேரா போவாய்ங்க, இப்பத்தான் ஒரு குடும்பம் ஒம்பது பேரா உள்ள போய் அடைஞ்சு நின்னு, அய்யய்யோ பாப்பாவக் காணோம்னு வெளிய ஓடியாந்து, பாப்பாவைப் பந்தியில கண்டுபிடிச்சுத் தூக்கிக்கிட்டு மறுபடி உள்ள போச்சு, பாப்பா வாயெல்லாம் ஜிலேபி. முப்பத்தி மூணு வருஷம் பஸ் டிப்போவுல நேரக்காப்பாளரா உக்காந்து எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதுன கை, ரிட்டயர் ஆகியும் அடங்க மாட்டேங்குது. ஒரு கூட்டம் உள்ள போய், அட்டை மீசை, பிளாஸ்டிக் கூலிங் கிளாஸ், ஜிகினாத் தலைப்பாகை எல்லாம் மாட்டி, இளிச்சு, படத்தைக் கையில வாங்கிட்டு வெளிய வர ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. என் மச்சினன் ராஜாமணி மகனுக்கு நாளைக்கு முகூர்த்தம், இன்னைக்கு ரிசப்ஷன். மேடையில ரெண்டு போட்டோகாரய்ங்க, தலைக்கு மேல கொசு மாதிரி சுத்துற கேமரா ஒண்ணு, இதெல்லாம் பத்தாதுன்னு கீழ, ஐஸ்கிரீம் குடுக்கிற இடத்துக்குப் பக்கத்துல, இந்தப் பெட்டி. போட்டோ பூத்தாம். துணி கட்டி மறைச்ச ஒரு சின்ன அறை, உள்ள ஒரு ஸ்டூலு, எதுக்க வட்டமா ஒரு லைட்டு, நடுவுல கேமரா. மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணும், பளிச்சுன்னு அடிக்கும், அப்படி நாலு தரம். நாலு படமும் ஒரே நீளத் தாள்ல வந்து விழுகும், அடியில மாப்பிள்ளை பொண்ணு பேரு, தேதி, ரெண்டு இதயம். அந்த இதயத்தைக் கத்திரிச்சுப் போட்டுரலாம். எனக்கு வேண்டியது என் மூஞ்சி. தனியா, நேரா, சிரிக்காம, அதுக்காக உம்முன்னும் இல்லாம. எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறப்ப போடுறதுக்கு ஒரு படம் வேணும், அதுக்குத்தான் நிக்கிறேன். கல்யாண வீட்டுல நினைக்கிற நினைப்பாடா இதுன்னு கேட்டா, ஆமா, இதுதான் நினைப்பு. வேற எங்க போய் நினைக்கிறது.

எல்லாம் எங்க அண்ணன் தவமணியால வந்தது. செத்து மூணு வருஷம் ஆகுது. மரக்கடையில பலகை தூக்குன மனுசன், அறுபத்தெட்டு வயசு வரைக்கும் ஒரு தலைவலின்னு படுத்ததில்ல, ஒரு நல்ல படம் எடுத்ததும் இல்ல. பீரோவைக் குடைஞ்சா கல்யாணப் படம், அதுல மாலைக்கு நடுவுல மூக்கு மட்டும் தெரியுது. ஆதார் கார்டைப் பார்த்தா திருடனைப் பிடிச்சு நிறுத்தி எடுத்த கணக்கா இருக்கு. பொணம் எடுக்கிறதுக்குள்ள ஒட்டணும், ஒரு மணி நேரம்தான் இருக்கு. அவரு மகன் போனைத் தடவித் தடவி, கொடைக்கானல் போனப்ப குரங்குக் குல்லாயோட எடுத்த படம் ஒண்ணைப் பிடிச்சு போஸ்டர் கடைக்கு அனுப்பிட்டான். கடைக்காரன் குல்லாயை அழிச்சான். அழிச்சா அடியில மண்டை இல்ல. எவன் மண்டையையோ எடுத்து ஒட்டிட்டான். கருகருன்னு சுருட்டை முடி! எங்க அண்ணனுக்கு நாப்பது வயசுலயே வழுக்கை. ஸ்வெட்டர் எடுப்பா இல்லன்னு அதையும் தூக்கிட்டு நீலக் கோட்டு, சிவப்பு டை. கைலியும் அரைக்கைச் சட்டையும் தவிர எதையும் உடுத்தாத மனுசனுக்குக் கோட்டு. தெருமுக்கு, கரண்டுக் கம்பம், பஸ் ஸ்டாப்பு, எங்க திரும்புனாலும் எவனோ ஒருத்தன் மேகத்துக்கு நடுவுல நின்னு சிரிக்கிறான். சாவுக்குத் துட்டி கேக்க வந்தவய்ங்க போஸ்டரைப் பார்த்துட்டு, "இது வேற துட்டி போல, தவமணி வீடு எந்தப் பக்கம்?"ன்னு கேக்கிறாய்ங்க. என்கிட்டயே கேக்கிறாய்ங்க! "இதுதான்யா தவமணி"ன்னு கையக் காட்டுறேன், காட்டுற கை கூசுது. பதினாறாம் நாள் வரைக்கும் அந்தக் கோட்டுக்காரன் சந்தியில நின்னான். மழைக்கு டை கரைஞ்சு வயித்துல ஒழுகுச்சு, பசைக்கு ஆடு வந்து நக்குச்சு. அண்ணனைத் தூக்குனப்ப நான் அழுகல. அந்தப் போஸ்டருக்கு அழுதேன். வெளிய சொல்லல, சொன்னா சிரிப்பாய்ங்க. இப்ப அண்ணனை நினைச்சா எனக்கே அந்தச் சுருட்டை முடிதான் முதல்ல வருது, அதை விலக்கிட்டு அண்ணனைத் தேட வேண்டியிருக்கு. அறுபது வருஷம் பார்த்த மூஞ்சியை ஒரு மணி நேரத்துல மாத்திப்புட்டான் படுபாவி, நல்லா இருப்பானா அவன்.

எனக்கு அப்படி ஆகக்கூடாது. பெருசா ஒண்ணும் கேக்கல, சாமிகிட்டக் கூட ஆயுசு கேக்கல, மூஞ்சியை மட்டும் விட்டு வைன்னுதான் கேக்கிறேன். ரெண்டு மாசமா மேல்வயித்துல வலி, முதுகு வரைக்கும் இழுக்கும். கேஸுன்னு நினைச்சேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துட்டு, "கூட யாரு வந்திருக்காங்க?"ன்னாரு. அந்தக் கேள்வியைக் கேட்டாலே தெரிஞ்சு போயிரும்ல. "நான்தாங்க என்கூட வந்திருக்கேன்"னேன். மனுசன் சிரிக்கல. கணையம்னாரு. அப்படி ஒண்ணு எனக்குள்ள இருக்குங்கறதே ஆறாவது படிச்சப்ப கேட்டது, அதுக்கப்புறம் அது அதுபாட்டுக்கு இருந்துச்சு, நான் என்பாட்டுக்கு இருந்தேன். பரவிருச்சாம். ஊசி போட்டு சதை எடுத்து லேபுக்கு அனுப்புனாய்ங்க, அதுவும் வந்து அதையேதான் சொல்லுச்சு. "எத்தனை நாளுங்க?"ன்னேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாது சார், பொங்கல் வரைக்கும் பார்ப்போம்"னாரு. இது ஆவணி. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்த டிரைவரை நான் என்ன பேச்சுப் பேசியிருக்கேன், ஏன் எதுக்குன்னு கணக்குக் கேட்டிருக்கேன், எனக்கு ஒரு நேரம் சொல்ல இந்தாளுக்கு முடியல. பஞ்சவர்ணத்துக்கிட்ட இன்னும் சொல்லல. என் பொண்டாட்டி. ராஜாமணி அவளுக்கு ஒத்தைத் தம்பி, அத்தைக்காரி முன்ன நிக்கலேன்னா இந்தக் கல்யாணத்துல ஒரு தட்டு நகராது, கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதெல்லாம் சாக்கு. சொன்னா அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே சொல்லணும். அந்தத் தெம்பு எனக்கு இல்ல, நான் கோழை, டிப்போவுல கத்துனதெல்லாம் சும்மா. மஸ்கட்ல இருக்கிற மக நித்யகலாவுக்கும் சொல்லல. மாத்திரை எல்லாம் கேஸ் மாத்திரைன்னு முழுங்குறேன், பஞ்சவர்ணமும் நம்பி மோர்ல பெருங்காயத்தைக் கலக்கிக் குடுக்கிறா. என்ன சொன்னாலும் நம்புறா, முப்பத்தாறு வருஷமா இப்படித்தான். தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போன வாரம் போனேன். "பாஸ்போர்ட் சைஸா அண்ணே, எதுக்கு?"ன்னான். எதுக்குன்னு சொல்றது? "பஸ் பாஸுக்கு"ன்னேன். டிப்போக்காரன் பஸ் பாஸுக்குப் படம் எடுக்கிறானாம், அவனும் விளக்கைப் போட்டுட்டான். சுவத்துல மாலை போட்ட படமா வரிசையா மாட்டி வெச்சிருக்கான், சாம்பிளுக்காம். அம்புட்டுப் பேரும் என்னையே பார்க்கிறாய்ங்க. ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லிட்டு வந்தவன் திரும்பிப் போகல. இங்கன்னா எவனும் எதுக்குன்னு கேக்க மாட்டான். நல்ல சட்டை போட்டிருக்கேன், காலையில சவரம் பண்ணியிருக்கேன், கன்னம் இன்னும் ஒட்டல. இன்னும் ஒரு மாசம் போனா சீக்காளி மூஞ்சிதான் மிஞ்சும், அதை எவன் ஒட்டுவான், அதுக்கும் ஒரு சுருட்டை முடியைத் தேடுவாய்ங்க.

இன்னும் நாலு பேர். அரை மணி நேரமா இந்தப் பெட்டியைப் படிச்சு வெச்சிருக்கேன். முதல் படத்துல எல்லாரும் கண்ணை மூடிர்றாய்ங்க, அந்த வெளிச்சம் அப்படி. ரெண்டாவதுல கண்ணைப் பிதுக்கி முழிக்கிறாய்ங்க. மூணாவதுல சிரிப்பு வந்துரும். நாலாவதுலதான் மனுசன் மனுசனா இருக்கான், முடிஞ்சு போச்சுன்னு தோள் இறங்குது. என் படம் அந்த நாலாவதுதான். இன்னொண்ணு, மூக்குக்கண்ணாடி போட்டவய்ங்க படத்துல எல்லாம் அந்த வட்ட லைட்டு கண்ணுக்குள்ள வளையமா நிக்குது. அதனால கண்ணாடியைக் கழட்டணும், கழட்டுனா மூக்குல ரெண்டு பக்கமும் தடம் தெரியும், அது மறைய பத்து நிமிஷம் ஆகும், ஆகவே இப்பவே கழட்டிப் பைக்குள்ள வெச்சாச்சு. கண்ணாடி இல்லாம மேடையில பொண்ணு மாப்பிள்ளை ரெண்டும் கலங்கித் தெரியுது, யாரு எவருன்னே தெரியல, பட்டுப்புடவை நிறம் நிறமா நகருது. செத்தா இப்படித்தான் இருக்குமோ, சத்தம் எல்லாம் கேக்கும், யாரு மூஞ்சியும் தெரியாதோ. சீ, எதுக்கு இப்ப. முதுகுல மெல்ல ஆரம்பிக்குது, மத்தியான மாத்திரையோட வேகம் இறங்குது போல, சுவத்துல சாயலாம்னா வரிசை போயிரும். அப்பத்தான் தோள்ல ஒரு கை விழுகுது, "என்ன சகலை, ஒத்தையில நிக்கிறீக?" வேலாயுதம். பஞ்சவர்ணத்தோட தங்கச்சி புருஷன். நல்ல மனுசன்தான், அதுதான் தொல்லை, கெட்டவனா இருந்தா ஒதுக்கி வைக்கலாம். "சும்மாதான்யா"ங்கிறேன். "தனியா எடுத்து யாருக்குக் காட்டப் போறீக? வாங்க, நம்ம ஜோடியா எடுப்போம்"னு சொல்லிட்டு வரிசையை முந்தி என்னை இழுத்துக்கிட்டே உள்ள போறான், பின்னாடி நிக்கிறவய்ங்களும் பெரிய மனுசய்ங்க போகட்டும்னு வழி விட்டுட்டாய்ங்க. அவன் ஒரு மீசையை ஒட்டிக்கிட்டு, என் தலையில தலைப்பாகையை அமுக்கி, கையில ஒரு அட்டையையும் திணிச்சான். கண்ணாடி இல்லாம எட்டப் பிடிச்சு வாசிச்சேன். 'அடுத்து நான்தான்'. கல்யாணம் ஆகாத பொண்ணு பையனுக்கு எழுதி வெச்சது. "அட, சகலைக்கு ரெண்டாவது பொண்ணு பார்ப்போம்"னு வேலாயுதம் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். அட்டையைக் கீழ போட்டேன். போட்டேன்னா எறிஞ்சேன். அவன் குனிஞ்சு எடுத்தான், அதுக்குள்ள மூணு, ரெண்டு, ஒண்ணு. நாலு படத்துலயும் அவன் கை என் கழுத்தைச் சுத்தி.

"இன்னொரு தடவை எடும்மா, நான் மட்டும்"னேன் மிஷின்காரப் பொண்ணுகிட்ட. முப்பது வயசு இருக்கும், காலையில இருந்து நிக்கிற களைப்பு. "ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் சார், பாருங்க எவ்வளவு பேர் நிக்கிறாங்கன்னு." "அது நான் எடுக்கலம்மா, அந்தாளு இழுத்துட்டுப் போயிட்டாரு." "நீங்களும் இருக்கீங்களே சார் இதுல"ன்னு தாளை நீட்டுறா. ஆமா, இருக்கேன், தலைப்பாகையும் நானும். போஸ்டருக்கு இதைத்தான் எடுத்துக் குடுப்பாய்ங்க, சத்தியமா இதைத்தான். நித்யகலா மஸ்கட்ல இருந்து வந்து சேர ராத்திரி ஆகும், அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாய்ங்க, வேலாயுதம்தான் முன்ன நின்னு எல்லாம் பார்ப்பான், "சகலை கூட நான் எடுத்தது இருக்கே"ம்பான், கடைக்காரன் வேலாயுதத்தை வெட்டுவான், கழுத்துல அஞ்சு விரல் மட்டும் மிஞ்சும், அதை மறைக்க ஒரு கோட்டு. "ஏம்மா, ஒத்தை ஆளுக்கு ஒரு படம் எடுக்க உன் மிஷின் கரைஞ்சா போகும்?"னு கத்திப்புட்டேன். ஐஸ்கிரீம் வாங்குனவய்ங்க திரும்பிப் பார்க்கிறாய்ங்க. மாப்பிள்ளையோட மாமா ஒரு போட்டோவுக்குச் சண்டை போடுறாரு, நல்லா இருக்கா? அவ பதிலுக்குக் கத்தல, அது இன்னும் கேவலமா இருந்துச்சு. "கடைசியில போய் நில்லுங்க சார், எடுத்துத் தாரேன்"னா. போய் நின்னேன். பதினாலு பேர். டிப்போ வாசல்ல ஒரு தரம் ஒரு கிழவி, பஸ்ஸை விட்டுட்டு, ஒரே ஒரு நிமிஷம் பிடிச்சு நிறுத்தியிருந்தா என்னய்யான்னு என்கிட்ட அழுதா. நேரம்னா நேரம்தான்னு சொன்னேன். சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வலி இப்ப முதுகுல நல்லா உக்காந்துருச்சு, ஒரு கால் மாத்தி ஒரு கால் நின்னேன், எண்ணுறதை மட்டும் நிறுத்தல.

கடைசியா உள்ள போனேன். ஸ்டூலு இன்னும் சூடா இருக்கு. "சார், கூலிங் கிளாஸு?" "ஒண்ணும் வேணாம்மா. இந்த ஜரிகைத் திரையை மட்டும் ஓரமா தள்ளு, பின்னாடி வெள்ளைத் துணி தெரியட்டும்." ஒரு மாதிரி பார்த்தா, ஆனா தள்ளுனா. மூணு. சட்டைக் காலரு சரியா இருக்கா. ரெண்டு. தாடையை இறக்கு. ஒண்ணு. பளிச். மூடிட்டேன், தெரியும், போகட்டும். மூணு. எந்த ஆளு இதைப் பார்க்கப் போறான்னு யோசிச்சா, தெருவுல பதினாறு நாள், அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள டிவிக்கு மேல, எத்தனையோ வருஷம். ரெண்டு. சாம்பார் கொதிக்கிறதையும், சீரியல் ஓடுறதையும், அவ ஒத்தையில உக்காந்து சாப்பிடுறதையும் பார்த்துக்கிட்டே இருக்கணும், கண்ணைச் சிமிட்டாம. ஒண்ணு. பளிச். இப்ப நிச்சயமா பயந்த மூஞ்சி. பயமா இருக்குன்னு யாருகிட்டயாச்சும் ஒரு தடவை சொல்லியிருக்கணும், இந்தத் துணிக்கிட்டயாவது சொல்லலாம், பயமா இருக்குடா எனக்கு, தீயில வெச்சா சுடுமான்னு சின்னப் புள்ளை கணக்கா நினைப்பு ஓடுது. மூணு, ரெண்டு, ஒண்ணு. பளிச். அதுல வலி ஒரு வெட்டு வெட்டுச்சு, வாய் கோணியிருக்கும். இன்னும் ஒண்ணுதான். தோளை விடு. விட்டேன். முப்பத்தி மூணு வருஷமும், டிப்போவும், அண்ணனும் எல்லாம் போகட்டும்னு விட்டேன். நிஜமாவே ஒண்ணும் நினைக்கல. பளிச்.

தாளு வந்து விழுந்துச்சு, சூடா. கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். நாலாவது நான்தான். என் வழுக்கை, என் மூக்கு, என் சட்டை. மூக்குல இருந்த தடம் கூட மறைஞ்சிருக்கு. ஒரு கேவலமான சந்தோஷம் வந்துச்சு பாருங்க, பரீட்சையில பாஸானவன் கணக்கா. "நல்லா வந்திருக்கு சார், ஆனா சிரிக்கவே இல்லையே"ன்னா அந்தப் பொண்ணு. "போதும்மா"ன்னேன். மடிக்கக்கூடாது, மடிச்சா கோடு விழும், நிமிர்த்தி உள்பைக்குள்ள வைக்கப் போறேன், பக்கத்துல பஞ்சவர்ணம் நிக்கிறா. எப்ப வந்தான்னு தெரியல. பந்திக்குக் கூப்பிட வந்திருப்பா.

"குடுங்க, பார்ப்போம்."

குடுக்காம இருக்க முடியல. விளக்குக்கு நேரா பிடிச்சு ஒண்ணொண்ணா பார்த்தா. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் விரலை நகர்த்திக்கிட்டே போய் நாலாவதுல நிறுத்துனா.

"இது நல்லா இருக்கு. எடுப்பா, நிதானமா இருக்கு. இதையே வெச்சுக்கிரலாம்."

எதுக்கு வெச்சுக்கிறதுன்னு அவ சொல்லல. தாளைத் தன்னோட கைப்பைக்குள்ள, பத்திரிகைக் கவருக்கு நடுவுல கசங்காம வெச்சா. அப்புறம் மிஷின்காரப் பொண்ணுகிட்டத் திரும்புனா.

"எனக்கும் ஒண்ணு எடும்மா. தனியா."

"ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்களேன் ஆன்ட்டி, ஜோடியா அழகா இருக்கும்."

"சேர்ந்து நிறைய இருக்கும்மா. தனியாத்தான் ஒண்ணும் இல்ல."

எனக்குக் கோபம் வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு இப்ப வரைக்கும் தெரியல. "உனக்கு எதுக்குடி தனியா? பந்தி முடிஞ்சிரும், வா"ன்னேன். அவ ஸ்டூல்ல உக்காந்து, புடவை மடிப்பை இழுத்து விட்டு, தலைப் பூவைத் தோளுக்கு முன்னாடி எடுத்துப் போட்டா. அவசரமே இல்ல அவகிட்ட.

"நீங்க குளிச்சுக்கிட்டிருந்தப்ப லேபுல இருந்து போன் வந்துச்சுங்க. நான்தான் எடுத்தேன். பன்னெண்டு நாளாச்சு."

பன்னெண்டு நாள். என் பக்கத்துலயே படுத்துக் கிடந்திருக்கா. வெகுளின்னு நினைச்சேன், என்ன சொன்னாலும் நம்புவான்னு. என் மூஞ்சி, என் மூஞ்சின்னு ஒரு மாசமா அலைஞ்சேனே, இவளுக்கும் ஒரு மூஞ்சி இருக்கு, அதுக்கும் ஒரு நாள் ஒரு படம் வேணும்னு எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோணல. "பஞ்சு"ன்னேன்.

"பூவும் பொட்டுமா ஒண்ணு எடுத்து வெச்சுக்கிறேன். உங்களுக்கு அப்புறம் எடுத்தா என் நெத்தி இப்படி இருக்காதுல்ல. வெறும் நெத்தியோட சுவத்துல தொங்க எனக்கு இஷ்டம் இல்லங்க."

மிஷின்காரப் பொண்ணு திரையைத் தொடாம நின்னா. நான் பெட்டி வாசல்லயே நின்னேன், உள்ளயும் போகல, வெளியவும் போகல.

"இங்க மூஞ்சி பார்க்கிற கண்ணாடி இல்ல, எனக்குத் தெரியல. பொட்டு நேரா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன்.

"நேராத்தான் இருக்கு"ன்னேன்.